ஒற்றைப்படை

ஆசாரிபள்ளத்தில் ஹவுஸ் சர்ஜனாக என் ஏழாவது இரவு.
கொல்லாமரத்திலிருந்து விழுந்த ஆறு வயது அப்ரின்,
இடது முழங்கை.
ஃபிலிமை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன்.
உள்பக்கம் ஒரு பொடித்துண்டு
எலும்பை விட்டுத் தனியாக நின்றது.
"முறிவு" என்று சிவப்பு மையில் எழுதினேன்,
அடிக்கோடும் போட்டேன்.
விடியும்வரை அவன் கை மாவுக்கட்டில் கிடந்தது.

காலையில் எக்ஸ்ரே அறை புஷ்பராஜ்
டீயை ஊதிக்கொண்டே
"மற்றக் கையையும் எடுக்கட்டா டாக்டரே" என்றார்.
எடுத்தார்.
விழாத கையிலும் அதே துண்டு,
அதே இடத்தில், அதே இடைவெளி.

வளரும் இடம் குருத்தெலும்பு.
படத்தில் விழாது, கறுப்பாக இருக்கும்.
அதற்கு நடுவில் எலும்பு
புள்ளி புள்ளியாகத்தான் வரும்.
முழங்கையில் ஆறு புள்ளி:
ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று
என்று வயது பார்த்து.
தக்கலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
அதை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.
செபமாலை சொல்கிறேன் என்று நினைத்து
ஒரு அம்மா நகர்ந்து இடம் தந்தாள்.

பிறகு மதுரையில் மூன்று வருடம்.
எல்லாம் பெரியவர்களின் எலும்பு:
பைக்கில் போனவை, லாரிக்கு அடியில் போனவை.
சுத்தியல், ட்ரில், ஆணி.
கருகும் எலும்பின் வாசனை தலைமுடியில் ஏறினால்
சீயக்காய்க்கும் போகாது.
ஸ்க்ரூவை முறுக்கும்போது
"போதும்" என்று எலும்பு சொல்லும்.
அது கேட்கத் தொடங்கிய அன்று
இதோடு நின்றுவிடலாம் என்றுதான் இருந்தது.
வீட்டில் வேறு வரன் பார்த்தார்கள்.

ஆனாலும் பூனா. இன்னும் ஒரு வருடம்.
குழந்தையின் குதிகால் நாணை அறுக்க
கத்தி நுழையும் வாய் ஒரு அரிசி அகலம்.
சந்தையில் கோழிக்கால் வாங்கி
ஹாஸ்டல் மேசையில் பழகினேன்.
அறுபடும்போது ஒரு சின்ன "டக்".
காதுக்குக் கேட்காது, கட்டைவிரலுக்குக் கேட்கும்.
அறைத்தோழி ஷெர்லின் அந்த வருடம் முழுக்கச் சைவம்.

செவ்வாய்க்கிழமை. நாகர்கோவில். வளைபாத நாள்.
விடியற்காலை வீட்டில் ஊறவைத்துப் பிரித்த கட்டுகளின்
சுண்ணாம்பு ஈரம் வராந்தா முழுக்க.
குறும்பனை ரெம்மியா, மகன் ஜோவின், ஒன்றரை வயது.
பிறந்த பத்தாம் நாள் தொடங்கி ஆறு கட்டு,
நாண் அறுப்பு, மூன்று வாரம்,
பிறகு கம்பி வைத்த ஷூ.
நேராக்கி அனுப்பிய பாதம்
மறுபடி உள்ளே திரும்பிக் கிடந்தது.

"ராத்திரி ஷூ போடுறீங்களா?"
"போடுதேன்."
வாரைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு துளையும் நீளவில்லை.
தோலில் ஒரு சுருக்கம் இல்லை.

என் குரல் வராந்தாவரை போயிருக்க வேண்டும்.
வெளியே பேச்சு நின்றது.

பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஒத்த முறி வீடு டாக்டரே.
இவனுக்க அப்பன் போட்டுக்குப் போனா இருபது நாளு.
ராவு முழுக்கக் கரைவான்.
பக்கத்து வீட்டுல சுவத்தத் தட்டுவாவ.
ஒரு ராவுக்குன்னுதான் கழத்துனேன்.
அண்ணைக்கு நல்லா உறங்கினான்.
நானும்."

"தாய் ஒத்துழைக்க" என்பதுவரை எழுதியிருந்தேன்.
இன்னும் சிவப்புப் பேனாதான் வாங்குகிறேன்.
மற்றக் கையை எடுக்கவில்லை.
மூடி வைத்துவிட்டு,
"சுவத்தத் தட்டுறது யாரு?" என்று கேட்டேன்.
நெடுநேரம் சொன்னாள்.

வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர்.
கணுக்காலின் வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்தேன்.
அதற்கு முன்னால் இருக்கவேண்டிய படகெலும்பு
இன்னும் எந்தப் படத்திலும் இல்லை.
மூன்று வயதில் வரும்.
வராத எலும்பை வந்த எலும்பின்மேல்
மெல்லத் திருப்பி
நூறு எண்ணும்வரை பிடிக்க வேண்டும்.

எழுபதில் ஜோவின் ஒன்றுக்கு இருந்தான்,
கட்டின்மேல், என் கைமேல்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
ரெம்மியா சிஸ்டரைப் பார்த்தாள்.
பஞ்சிலிருந்து மறுபடி தொடங்கினோம்.
குளச்சல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.